முள்ளு மொதல்ல விழுது

ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுபோற காடியைப் (காரைப்) பத்தி மலேசியாவுல எங்க ஊருல ஆளாளுக்கு ஒரு யோசனை இருக்கும். பழசாயிடுச்சு வித்துடு, பேட்ரியை மாத்து, பிளக்கை மாத்து, எண்ணெ (பெட்ரோல்) இருந்துச்சான்னு பாரு. கோப்பிக் கடையில ஒரு தே ஓ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அஞ்சாறு வைத்தியம் கெடைச்சிடும். ஆனா அந்தக் காடியை ஓட்டுறவங்களை உக்கார வெச்சு, நிக்கிறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, எந்த நேரத்துல நடந்துச்சு, மழையா வெயிலா, நின்னதுக்கப்புறம் லைட்டெல்லாம் எரிஞ்சுதா, எவ்வளவு நேரம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் ஆச்சுன்னு பொறுமையா கேக்குற ஆளு ரொம்பக் கம்மி. அதுவும் ஓட்டுறது ஒரு பொண்ணா இருந்தா அந்தக் கேள்வியே வராது. இது ரொம்ப நாளா மனசுல கெடந்து குடையுது.

காலையில ஸ்டார்ட் ஆகாத காடி ஒரு தொல்லை, அவ்வளவுதான். வீட்டு வாசல்ல நிக்குது, யாரையாவது கூப்பிட்டா வந்து பாப்பாங்க, வேலைக்கு லேட்டாகும். ரோட்டுல போய்க்கிட்டிருக்கும்போது அடங்குற காடி அந்தக் கணக்கே இல்ல. பின்னால செம்பனைக் குலை ஏத்துன லோரி வந்துக்கிட்டிருக்கும், அவனுக்கு நம்ம காடி செத்துப்போச்சுன்னு தெரியாது, பிரேக் லைட்டு எரியாம வேகம் மட்டும் குறையும், ஸ்டேரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும். என் தங்கச்சி சுங்கை சிப்புட்டுல இருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போயிட்டு வர்றா, பழைய ரோட்டுல செம்மோர், கந்தான் வழியா போனா ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தோட்டத்துல இருந்த காலத்துல வேலை வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, இப்போ தோட்டத்தை விட்டு தாமானுக்கு (வீட்டுக் குடியிருப்புக்கு) வந்தாச்சு, வேலை எங்கேயோ இருக்கு, அவ வேலைக்குப் போற நேரத்துக்கும் வர்ற நேரத்துக்கும் பஸ்ஸும் கெடையாது, காடி இல்லன்னா சம்பளம் இல்ல. அதனால "வித்துட்டு வேற வாங்கு"ன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லைன்னு நெனைக்கிறேன், வேற வாங்க காசு இருந்தா யாரு பழசை வெச்சிருப்பா.

காடி எந்தக் கம்பெனின்னு எழுதப்போறதில்ல, ஏன்னா இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி காடிக்கும் வரும். 1.6 எஞ்சின், மேனுவல் கியர், பியூல் இன்ஜெக்‌ஷன், வயசான காடி. அது போதும்.

அவ சொன்னது என்னன்னா, காலையில இருட்டோட கிளம்பிப் போகும்போது ஒருநாளும் நின்னதில்ல. மத்தியானம் திரும்பி வரும்போதுதான் நிக்குது, அதுவும் ஈப்போவுல ஜாம்ல மாட்டி, வெளிய வந்து கொஞ்ச தூரம் ஓடுனதுக்கப்புறம். மழை பெஞ்சா நிக்காது. நின்னா ரேடியோ நிக்காது, மின்னல் எஃப்எம் பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்கும், டேஷ்போர்டுல பேட்ரி லைட்டும் ஆயில் லைட்டும் செவப்பா எரியும். ரோட்டோரமா தள்ளி நிறுத்திட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடும். அப்புறம் இன்னொண்ணு சொன்னா, அதைத்தான் நான் தலைப்பா வெச்சிருக்கேன்: "அண்ணே, மீட்டர் முள்ளு மொதல்ல விழுது, அதுக்கப்புறந்தான் காடி அடங்குது."

இதை அவ ஒவ்வொரு வர்க்‌ஷாப்பிலயும் சொன்னா, நானும் கூட நின்னேன், வார்த்தைக்கு வார்த்தை இதேதான். ஒரு எடத்துல போர்மேன் என்னைப் பாத்துக்கிட்டே "எண்ணெ இருந்துச்சா"ன்னு கேட்டாரு. இன்னொரு எடத்துல கிளட்ச்சை சரியா மிதிக்காம விட்டிருப்பா, அதான் செத்துப் போயிருக்கும்னு சொன்னாங்க. நாலாவது கியர்ல எண்பதுல போற காடி கிளட்ச் மிதிக்காததால எப்படிச் சாகும்? யாரும் யோசிக்கல. ஸ்கேன் மெஷினைச் சொருகினாங்க, கோளாறைச் சொல்ற கோடு (code) எதுவும் இல்ல, "காடி ஓகேம்மா, கொண்டு போ"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறமும் நின்னுச்சு. பிளக் மாத்தினாங்க, பியூல் பில்டர் மாத்தினாங்க, எஞ்சினுக்குக் காத்து போற திராட்டில் பாடியைக் கழட்டிக் கழுவினாங்க, கடைசியில பெட்ரோல் பம்பே புதுசு போட்டாங்க, அது ஒரு நல்ல தொகை. ஒவ்வொண்ணுக்கும் காசை எண்ணிக் குடுத்தது அவ.

மாத்துனதெல்லாம் முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன்

வர்க்‌ஷாப்காரங்களைத் திட்டுறதுக்கு இதை எழுதல. அவங்க கஷ்டமும் தெரியும், காடி அவங்ககிட்ட வரும்போது நல்லா ஓடுது, நல்லா ஓடுற காடியில கோளாறைத் தேடுறது லேசான வேலை இல்ல, ஒரு காடிக்குப் பின்னால ஒரு மத்தியானம் முழுக்க சுத்த அவங்களால முடியாது. மாத்துன ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணமும் இருக்கு. பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ள எண்ணெயிலயே முங்கிக் கெடக்கு, அந்த எண்ணெதான் அதுக்குக் குளிர்ச்சி, எப்பவும் கால் டேங்குக்குக் கீழயே வெச்சு ஓட்டுனா பம்பு சூடாகும், வயசான பம்பு சூட்டுல நின்னுபோயி ஆறுனா மறுபடி ஓடும். கேக்கறதுக்கு அப்படியே எங்க காடி கதை மாதிரியே இருக்கும். பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குற இக்னிஷன் காயிலும் அப்படித்தான் சூட்டுல படுத்துக்கும். எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கரண்டு விடுற மெயின் ரிலேக்குள்ள ஈயப்பத்து வெடிச்சிருந்தா வெயில்ல நிறுத்துன காடி படுத்தும்.

ஆனா ஒவ்வொண்ணும் சாகுற விதம் வேற. இதைத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன். எண்ணெ வரத்து குறைஞ்சா காடி சட்டுனு நிக்காது, இழுக்கும், வெட்டும், ஏத்தத்துல தெம்பு இல்லாம திணறும், அப்புறந்தான் அடங்கும். திராட்டில் அழுக்கா இருந்தா சிக்னல் லைட்டுல மெதுவாகும்போது, ஐடில்ல நிக்கும், அப்பவே திரும்ப ஸ்டார்ட் ஆயிடும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்ல. பேட்ரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் போனா மொதல்ல லைட்டு மங்கும், பேட்ரி லைட்டு ஓடும்போதே எரியும், கடைசியில நின்னா சும்மா உக்காந்திருந்தா திரும்ப வராது. டேங்குக்கு காத்து போற வழி அடைச்சிருந்தா, நின்ன உடனே எண்ணெ மூடியைத் தெறந்தா உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கும். அதனால "நின்னுபோச்சு"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சா அதுல ஒண்ணும் இல்ல, எப்படி நின்னுச்சுங்கிறதுலதான் பாதி பதில் இருக்கு. அந்தப் பாதியை என் தங்கச்சி கையில வெச்சுக்கிட்டு கடை கடையா நின்னா.

பிட்டரு மாமா

எங்க பழைய தோட்டத்து ரப்பர் பேக்டரியில பிட்டரா இருந்தவரு ஒருத்தரு இங்க தாமான்லதான் மகன் வீட்டுல இருக்காரு, பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, எல்லாருக்கும் பிட்டரு மாமா. ரோலர், டீசல் எஞ்சின், ஜெனரேட்டர், தொரை பங்களா தண்ணி பம்பு, எல்லாம் இவரு கை பட்டதுதான். ஸ்கேன் மெஷின் காலத்துக்கு முந்தின ஆளு. ஆனா ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருக்கல, மகனோட காடியிலயே இன்ஜெக்‌ஷன், சென்சார்னு ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டாரு. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில பசியாற வந்த எடத்துல தங்கச்சியைப் பாத்து என்னம்மா மூஞ்சி வாடிக் கெடக்குன்னு கேட்டாரு, அவ சொன்னா.

அவரு குறுக்க பேசல. ரொட்டி சானாய் ஆறிப்போச்சு, அதைக்கூட தொடல. முள்ளு மொதல்ல விழுதுன்னு அவ சொன்ன எடத்துல மட்டும் கையைத் தூக்கி நிறுத்துனாரு. "இரும்மா. எந்த முள்ளு? வேகத்து முள்ளா, எஞ்சின் சுத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளா?"

"ஆர்பிஎம் மாமா. வேக முள்ளு மெதுவாத்தான் எறங்கும். இது சட்டுனு படுத்துடும்."

"அப்போ கியர்ல இருந்துச்சா, கிளட்ச்சை மிதிச்சிருந்தியா?"

"கியர்லதான் மாமா. படுத்ததைப் பாத்துட்டுத்தான் கிளட்ச்சை மிதிச்சேன்."

"அப்படின்னா எண்ணெ கோளாறு இல்லம்மா இது. கரண்டு. நீ சரியாத்தான் பாத்திருக்க."

இத்தனை வர்க்‌ஷாப் ஏறி எறங்குனதுல, நீ சரியாத்தான் பாத்திருக்கேன்னு ஒருத்தர் சொன்னது அப்பதான். தங்கச்சி ஒண்ணும் பேசல, ஆனா நிமிந்து உக்காந்தா. என்னைக் கேட்டா காடி சரியானது அந்த மேசையிலதான், சாமான் மாத்துன நாள்ல இல்ல.

ஏன் அப்படிச் சொன்னாருன்னு அவரே வெவரமா சொன்னாரு. மேனுவல் காடி கியர்ல ஓடிக்கிட்டிருக்கும்போது எண்ணெ மட்டும் நின்னா எஞ்சின் சுத்துறது நிக்காது, சக்கரம் அதைச் சுத்த வெச்சுக்கிட்டே இருக்கும். எஞ்சின் சுத்துறது கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதனால ஆர்பிஎம் முள்ளும் வேகத்தோட சேந்து மெதுவாத்தான் எறங்கணும். சக்கரம் சுத்துது, எஞ்சினும் சுத்துது, ஆனா முள்ளு சைபருக்கு விழுதுன்னா, எஞ்சின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியலன்னு அர்த்தம். அதைச் சொல்றது கிராங்க் சென்சாரு. அதுல இருந்து சேதி வரலன்னா கம்ப்யூட்டர், எஞ்சின் நின்னிருக்குன்னு நெனைச்சு எண்ணெயையும் நிறுத்திடும், பிளக்குல தீப்பொறியையும் நிறுத்திடும். ரேடியோ பாடுது, லைட்டு எரியுது, அதனால சாவி பக்கம் கரண்டு நல்லா இருக்கு. பாக்கி இருக்குறது சென்சாரு, இல்ல மெயின் ரிலே. எதுன்னு காடி செத்துக் கெடக்கும்போதுதான் பாக்க முடியும், அது உயிரோட இருக்கும்போது பாத்து பிரயோஜனமில்லன்னு சொல்லிட்டாரு.

ஸ்கேன் மெஷினுக்கு ஏன் ஒண்ணும் தெரியலங்கிறதும் இதுலயே இருக்கு. கிராங்க் சென்சார் கோளாறுக்குன்னு பி0335னு ஒரு கோடு இருக்கு, ஆனா சேதி ஒரேயடியா நின்னா நெறைய பழைய காடியில கம்ப்யூட்டருக்கு அது கோளாறாவே தெரியாது, சாவியை அணைச்சா எஞ்சின் எப்படி நிக்குமோ அப்படி நின்னுச்சுன்னு கணக்கு வெச்சுக்கும். கோடு இல்லன்னா கோளாறு இல்லன்னு சொல்றது தப்பு. இதை நான் அழுத்தமாவே சொல்றேன், ஏன்னா அந்த ஒரு வார்த்தையை நம்பி என் தங்கச்சியைத் திரும்பத் திரும்ப அந்த ரோட்டுக்கே அனுப்பி வெச்சாங்க.

கந்தான் பக்கத்துல

அந்த வாரமே ஒரு வெயில் நாளு மத்தியானம் நாங்க மூணு பேரும் ஈப்போவுல இருந்து வந்தோம். தங்கச்சிதான் ஓட்டுனா, மாமா வேற யாரையும் ஓட்ட விடல, "ஓட்டுறது இவ, காடிக்கும் இவளைத்தான் தெரியும்"னு சொல்லிட்டாரு. மடியில ஒரு மல்டிமீட்டரு, காலடியில ரெண்டு போத்தல் தண்ணி. நின்னா, பின்னால வண்டி இல்லன்னா கிளட்ச்சை மிதிக்காம அப்படியே உருள விடு, இடது பக்கமா ஒதுங்குன்னு மொதல்லயே சொல்லி வெச்சிருந்தாரு. செம்மோர் தாண்டி, கந்தான் சுண்ணாம்பு மலை தெரியிற எடத்துல அது நடந்துச்சு. நானே பின்சீட்டுல இருந்து எட்டிப் பாத்தேன். காடி மூணாவது கியர்ல போய்க்கிட்டிருக்கு, எஞ்சின் சக்கரத்தோட சேந்து உருள்ற சத்தம் கேக்குது, ஆர்பிஎம் முள்ளு மட்டும் சைபர்ல படுத்துக் கெடக்கு. அவ சொன்னது அப்படியே.

ஓரமா நிறுத்தி எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால வெச்சாச்சு. மாமா சாவியை அணைச்சு திரும்பப் போடச் சொன்னாரு, பின்னால பம்பு ரெண்டு வினாடி ஙொய்னு சத்தம் போட்டு நின்னுச்சு, எஞ்சின் செக் லைட்டு எரிஞ்சுது, அப்போ ரிலே உயிரோட இருக்கு. ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு, ஸ்டார்ட்டர் சுத்துது, சுத்தும்போது ஆர்பிஎம் முள்ளு கொஞ்சம் துள்ளணும், துளிகூட அசையல. பானெட்டைத் தெறந்து சென்சார் பிளக்கைக் கழட்டி மீட்டர் முனை ரெண்டையும் சென்சார் பக்கத்து கம்பியில வெச்சாரு. ஓம் கணக்கு ஒண்ணும் வரல, உள்ள கம்பி அறுந்து கெடந்தா எப்படிக் காட்டுமோ அப்படி. அப்புறம் போத்தல் தண்ணியை மெதுவா சென்சார் மேல ஊத்துனாரு, ஆவி கெளம்புச்சு, மீட்டரையே மூணு பேரும் பாத்துக்கிட்டு நின்னோம். கொஞ்ச நேரத்துல திடீர்னு எண்ணூத்துச் சொச்சம்னு ஒரு நம்பரு வந்து நின்னுச்சு. பிளக்கைத் திரும்ப மாட்டுனாரு, தங்கச்சி சாவியைத் திருப்புனா, ஒரே அடியில பிடிச்சுது. அரை மணி நேரம் காத்திருக்கல. அவ ஸ்டேரிங்ல தலையைச் சாச்சுட்டா.

அந்தச் சென்சாரு கட்டைவிரல் தண்டி கூட இருக்காது. உள்ள ஒரு காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசா செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. கிராங்க் ஷாப்டுல பல்லு வெச்ச சக்கரம் ஒண்ணு இதுக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டக்க சுத்தும், பல காடியில 60 பல்லுக்கு எடம், ரெண்டை மட்டும் எடுத்திருப்பாங்க, அந்தக் காலி எடம் வரும்போது பிஸ்டன் எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுக்கும். வருஷக்கணக்கா எஞ்சின் சூட்டுல வெந்து அந்தக் கம்பியில எங்கேயோ ஒரு எடம் விட்டுப் போயிருக்கு. சூடானா விரிஞ்சு பிரியும், ஆறுனா சேந்துக்கும். மழையில ஏன் நிக்கல, காலையில ஏன் நிக்கல, எல்லாத்துக்கும் அதுதான் காரணம். ஒண்ணு கவனிக்கணும், ரெண்டு கம்பி சென்சாருலதான் ஓம் பாக்கலாம், மூணு கம்பி வர்றது பெரும்பாலும் ஹால் சென்சாருன்னு வேற வகை, அதை இப்படிச் சோதிக்கக் கூடாது.

புதுசுதான் வாங்குனோம், பெட்ரோல் பம்புக்குக் குடுத்த காசுல சின்ன பாகம்தான் ஆச்சு. ஹாஃப்கட் கடையில, அதாவது பழைய காடியைப் பிரிச்சு சாமான் விக்கிற கடையில, இன்னும் மலிவாக் கெடைக்கும்னு சொன்னாங்க. ஹாஃப்கட் கடையில கதவு வாங்கலாம், கியர்பாக்ஸ் வாங்கலாம், எஞ்சினே வாங்கலாம், ஆனா சென்சார் வாங்காதீங்க, அதுவும் இதே மாதிரி சூட்டுல இத்தனை வருஷம் வெந்ததுதான்.

நின்னா என்ன செய்யணும்னு வீட்டுல சொல்லி வைங்க

இது கோளாறைக் கண்டுபிடிக்கிறதைவிட முக்கியம். எஞ்சின் நின்னாலும் பிரேக் போகாது, மிதிக்கிறதை லேசாக்குற பூஸ்டருக்குள்ள கொஞ்சம் வேக்குவம் மிச்சம் இருக்கும், ரெண்டு மூணு மிதிக்கு அது தாங்கும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தணும், அதுக்கப்புறமும் பிரேக் பிடிக்கும், ஆனா ரெண்டு காலாலயும் மிதிக்கிற அளவுக்கு பலம் வேணும். ஸ்டேரிங் கனக்கும், திரும்பும், கையில பலம் குடுக்கணும். உருள்ற காடியில சாவியை மட்டும் பின்னால திருப்பி உருவிடக் கூடாது, ஸ்டேரிங் பூட்டிக்கும். ஆட்டோவா இருந்தா நியூட்ரலுக்குத் தள்ளி உருண்டுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம். ஹசார்ட் லைட்டைப் போட்டு இடது பக்கம் ஒதுங்கிடணும், ஹைவேன்னா எறங்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு ஹைவேயை நடத்துற பிளஸ் கம்பெனி நம்பர் 1800 88 0000க்கு அடிக்கணும், காடிக்குள்ள உக்காந்திருக்கக் கூடாது. பினாங்குல இருந்து ஈப்போ வர்ற வழியில மெனோரா சுரங்கத்துக்கு முன்னால அந்த ஏத்தத்தை நெனைச்சுப் பாருங்க, லோரிங்க வரிசையா திணறிக்கிட்டு ஏறும், அங்க ஒரு காடி செத்தா என்ன ஆகும். அந்தச் சென்சார் அங்க போய்ப் படுக்காம இருந்ததுக்கு நான் கும்பிடாத சாமி இல்ல.

சென்சார் மாத்துனதுக்கப்புறம் வெயில்லயும் ஜாம்லயும் ஓடிக்கிட்டிருக்கு, முள்ளு விழல. ஆனா கழட்டும்போது மாமா இன்னொண்ணு பாத்தாரு, கிராங்க் ஆயில் சீல் லேசா கசிஞ்சு சென்சார் பிளக் வரைக்கும் ஆயில் ஓடி வந்திருக்கு. இப்போதைக்குத் துடைச்சு விட்டாச்சு, டைமிங் பெல்ட் மாத்துற நேரமும் நெருங்கிடுச்சு, ரெண்டுக்கும் ஒரே பக்கம்தான் பிரிக்கணும்ங்கிறதால சேத்தே செஞ்சுடலாம்னு சொல்லியிருக்காரு. தங்கச்சி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்துல எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன சத்தம், எந்த லைட்டுன்னு எழுத ஆரம்பிச்சிருக்கா. சம்பளம் வந்ததும் அந்த நோட்டோட வர்க்‌ஷாப்புக்கு அவளே போறதா சொல்லியிருக்கா.